“வயசாயிடுச்சு” என்று சொல்லி அனுப்பாதீர்கள்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) உள்ள பெண்ணுக்கு மாதவிடாய் நிற்கும் காலம் வந்துவிட்டால், அவரை அங்கும் இங்கும் அலையவிடுகிறோம். “உடம்பெல்லாம் திகுதிகுன்னு எரியுது டாக்டர்” என்று நரம்பு மருத்துவரிடம் சொன்னால், மகளிர் மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார். அவரோ, “உங்களுக்கு எம்.எஸ். இருக்கே, நியூராலஜிஸ்டையே கேளுங்க” என்கிறார். வீட்டுக்கு வந்தால், “வயசாயிடுச்சு, எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே” என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். இந்தத் தட்டிக்கழிப்பை இன்றோடு விடுங்கள்.

எம்.எஸ். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தெரியவரும். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மேலுறையை அரித்துவிடும். உறை போன நரம்புக்குச் சூடு ஆகவே ஆகாது. உடலை வருத்தி உழைத்தபின் பார்வை மங்குவதை வில்ஹெல்ம் ஊட்டோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890-லேயே எழுதிவைத்தார்; உடல் சூடாவதுதான் காரணம் என்பது பின்னால் தெரிந்தது. நம் நாட்டில் 46, 47 வயதை ஒட்டி மாதவிடாய் நிற்கிறது. அதற்குச் சில வருடங்கள் முன்பே அனல் கிளம்பிவிடும். சித்திரை வெயிலில், அடுப்படியில் குக்கர் கூவிக்கொண்டிருக்கும்போது அந்த அனலும் சேர்ந்தால் என்ன ஆகும்? கரண்டி கையிலிருந்து நழுவும். கண் மங்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மின்விசிறிக்கடியில் சற்று உட்கார்ந்தால் தெளிந்துவிடும். தெளிந்துவிட்டதே என்று “நடிக்கிறா” என்கிறோமே, அது பெரும் பாவம்.

களைப்பு, மறதி, தூக்கமின்மை, சிறுநீரை அடக்க முடியாத தவிப்பு எல்லாம் எம்.எஸ்.ஸுக்கும் மாதவிடாய் நிற்கும் காலத்துக்கும் பொது. எது எதனால் என்று பிரித்தறிவது மருத்துவரின் வேலை. மருத்துவர்களே, ஒருவருக்கொருவர் ஒரு போன் செய்யுங்கள். எம்.எஸ். இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஹார்மோன் சிகிச்சையை மறுக்காதீர்கள். மார்பகப் புற்றோ, ரத்தக்கட்டியோ முன்பு வந்ததுண்டா, அவர் எவ்வளவு நடமாடுகிறார் என்று கேட்டு முடிவு செய்யுங்கள். புதிய தொந்தரவு 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், சிறுநீரில் கிருமித் தொற்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அந்தத் தொற்றே எம்.எஸ். முற்றிவிட்டதுபோலக் காட்டும்.

எலும்பை மறந்துவிடாதீர்கள். அடிக்கடி ஏற்றிய ஸ்டீராய்டும் குறைந்துபோன நடமாட்டமும் ஏற்கெனவே எலும்பைத் தேய்த்திருக்கும். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனும் குறையும்போது, இரவில் ஈரமான குளியலறைத் தரையில் ஒருமுறை வழுக்கினாலே இடுப்பெலும்பு முறியலாம். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க அழைத்துப்போங்கள். குளியலறையில் கைப்பிடியும், படுக்கையிலிருந்து போகும் வழியில் ஒரு விளக்கும் இந்த வாரமே போடுங்கள்.

அம்மா, அக்கா, நீங்களும் மறைக்காதீர்கள். தாம்பத்தியத்தில் வலி, பிறப்புறுப்பில் வறட்சி, உள்ளாடை நனைவது எதையும் வெட்கப்பட்டு விழுங்காதீர்கள். இதற்கெல்லாம் மருந்து இருக்கிறது. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்துத் திரும்ப ரத்தம் பட்டால், அது சொட்டாக இருந்தாலும் உடனே காட்டுங்கள். வந்த தொந்தரவுகளைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி எடுத்துப்போங்கள்.

கூடப்போகும் கணவரே, மகனே, அங்கே மருத்துவர் கேட்கும் கேள்விக்கு அந்தப் பெண்ணே பதில் சொல்லட்டும். நீங்கள் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேளுங்கள்.