கோலமும் கணிப்பொறியும்

வைகறையில் வாசல் தெளித்துப் புள்ளி வைத்து இழை இழுக்கும் கைக்கு இலக்கணம் உண்டா? உண்டு என்று கணித முறையில் விளக்கினர் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகியோர். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியை ஒட்டி வளர்ந்த இவ்வாராய்ச்சி 1974இல் கட்டுரையாக வெளிவந்தது. வாக்கியங்களுக்கு நோம் சாம்ஸ்கி வகுத்த ஆக்க விதிகளைப் போன்றவற்றைப் புள்ளி வரிசைகளுக்கு விரித்தனர். ஒருசில விதிகளை மீண்டும் மீண்டும் செயற்படுத்தினால், சிறு கோலத்திலிருந்து எத்துணைப் பெரிய கோலமும் பிறக்கும். விதியைக் கற்பித்தால் கணிப்பொறியும் வரையும்.

அவ்வாறாயின் அக்கோலம் யாருடையது?

நமக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது பாலக்காடும் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளும் கேரளத்தில் அமைந்தன. எல்லை மாறிற்று, கல்பாத்தி அக்கிரகாரத்திலும் மூணாற்றுத் தேயிலைத் தோட்ட லயங்களிலும் வாசற்கோலம் மாறவில்லை. தமிழெழுத்தைப் பள்ளியில் பயில வாய்ப்பில்லாத பெண்ணும் தாயின் கையைப் பார்த்துக் கோலத்தைக் கற்றாள்.

"பொறிக்கு விதி தெரியும், நடை தெரியாது" என்பர் சிலர். இவ்வாதம் நெடுநாள் நில்லாது. இழை எங்கே வளைகிறது, எங்கே நெருங்குகிறது, எவ்வடிவம் அடிக்கடி வருகிறது என்பனவெல்லாம் எண்ணத்தக்கவை. எண்ணத்தக்கதைப் பொறி எண்ணிவிடும். நம் பாட்டியின் கைந்நடையையே அது பிசகாமல் வரைந்து காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் குறைவது யாது?

கோலம் ஒரு வரவேற்பு. விருந்தினரையும், மாவை நாடிவரும் எறும்பையும், புலரும் நாளையும் ஒருத்தி தன் உறக்கத்தை விட்டெழுந்து வரவேற்கிறாள். வரவேற்றவள் வந்தவர்க்குக் கடமைப்பட்டவள் ஆகிறாள். அக்கடமையை ஏற்பவர் எவருமில்லாத கோலம், பாட்டி எவ்வாறு இட்டாள் என்று சொல்லுமேயன்றி, யாரையும் உள்ளே அழைக்காது.

ஆயினும் பொறியைப் பழித்தல் முறையன்று. ஊரையும் உறவையும் விட்டுத் தொலைவில் வாழும் வீடுகளில், கற்பிக்க முதியோர் இல்லாத இடத்தில், அதன் பதிவு ஆசானாகலாம். கதவடியில் ஒட்டுக்கோலத்தை ஒட்டிவிட்டு அமைதி கொள்ளும் நாம், பொறியைக் குறை கூறத் தகுதியுடையோமா? பதிவிலிருந்து கற்போம், கற்றதை நம் கையால் நம் வாசலில் இடுவோம். இழை சற்றுக் கோணினும் குற்றமில்லை. வருவோரை அழைக்க அதுவே போதும்.