கதைதானே என்று விட முடியுமா?

தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வார் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். பார்ப்பவர்களுக்கும் அது தெரியும். முன்கூட்டி முடிவு செய்ய முடியாதது அரங்கில் எழும் கூட்டத்தின் குரல் மட்டுமே. அதை எழுப்புவதற்காகத்தான் கதையே எழுதப்படுகிறது. ஆகவே, பெண்ணை இழிவுபடுத்தும் காட்சி ஒன்று அங்கே அரங்கேறினால், எழுதியவரோடு ஆர்ப்பரித்தவருக்கும் அதில் பங்கு உண்டு.

அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூஇ நிறுவனத்தில் லீட்டா என்ற வீராங்கனைக்கு நடந்ததை எடுத்துக்கொள்வோம். லீட்டாவும் சக வீரர் மேட் ஹார்டியும் நிஜ வாழ்வில் காதலர்களாக இருந்தார்கள். லீட்டாவுக்கு எட்ஜ் என்ற வீரரோடு உறவு ஏற்பட்டது 2005இல் வெளியே தெரிந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். நிறுவனம் அந்தக் கொதிப்பையே கதையாக்கியது. தவறு என்றால் அது இருவர் சேர்ந்து செய்த தவறு. ஆனால் எட்ஜ் தேர்ந்த வில்லனாக உயர்ந்து 2006 ஜனவரியில் சாம்பியன் பட்டம் வென்றார். லீட்டாவின் ஒழுக்கத்தைக் கொச்சையாக ஏசும் கோஷமோ ஊர் ஊராக அவரைத் தொடர்ந்தது. அந்த ஆண்டு நவம்பரில் பிலடெல்பியாவில் அவருடைய விடைபெறும் போட்டி. அதில் அவர் தோற்ற பிறகு, இரண்டு ஆண் வீரர்கள் அவருடைய உள்ளாடை முதலான உடைமைகளைக் கூட்டத்துக்கு ஏலம் போடுவதாக ஒரு காட்சி வைத்தார்கள். எட்ஜை ஏசியவர்கள் அவருடைய வஞ்சகத்தை ஏசினார்கள். லீட்டாவை ஏசியவர்கள் அவர் பெண் என்பதையே ஏசினார்கள். நிஜ வாழ்வின் காயத்தை எடுத்து விற்றுவிட்டு, கேள்வி எழும்போது மட்டும் கற்பனை என்று ஒதுங்குவது நேர்மையாகாது.

ஆண்களும்தான் அவமானப்படுத்தப்படுகிறார்கள் என்பார்கள். உண்மைதான். நிஜத்திலும் நிறுவனத்தின் முதலாளியாக இருந்து, முதலாளி வேடத்திலேயே வந்த வின்ஸ் மெக்மஹன் தன் பின்புறத்தை முத்தமிடச் சொல்லி ஆண் வீரர்களைப் பணியவைத்ததும் உண்டு. ஆனால் 2001 மார்ச்சில் ட்ரிஷ் ஸ்ட்ரேட்டஸ் என்ற வீராங்கனையை அவர் மண்டியிட்டு நாயைப் போலக் குரைக்க வைத்து, உடைகளைக் களையச் சொன்னபோது, அங்கே அவமானத்தோடு அரைநிர்வாணமும் காட்சிப் பொருளாயிற்று. அடுத்த மாதம் ட்ரிஷ் அவரை அறைந்ததாகக் கதை போனது. ஆனாலும் அந்த ஓர் அறையால் முந்தைய காட்சியின் விற்பனை திரும்பிவிடவில்லை. சம்மதித்துத்தானே நடித்தார் என்ற வாதமும் உண்டு. கதைக்கு ஒப்புதல் தருபவர், வேலை தருபவர், எதிரே நின்று ஆணையிடுபவர் மூவரும் ஒருவரே என்னும்போது மறுப்பின் விலை என்ன என்பதை யோசிக்க வேண்டும். அந்தச் சம்மதம் முழுமையானது என்றே வைத்துக்கொண்டாலும், அது நடிகையின் கணக்கைத்தான் தீர்க்கும். பார்த்துக்கொண்டிருந்த சிறுவர்கள் என்ன கற்றார்கள் என்பதற்கு அது பதிலாகாது.

கூட்டம் கேட்டதைத்தானே கொடுத்தோம் என்பதுதான் வலுவான மறுப்பு. ஆனால் இதே ட்ரிஷும் லீட்டாவும் 2004 டிசம்பர் 6 அன்று நிறுவனத்தின் 'ரா' தொலைக்காட்சி நிகழ்ச்சியின் இறுதிப் போட்டியில் பட்டத்துக்காக மோதினார்கள். உடையை உரிக்கும் போட்டிகள் நடந்துகொண்டிருந்த அதே காலம் அது. நல்ல மல்யுத்தத்தை வைத்தால் கூட்டம் பார்க்கும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. 2015 பிப்ரவரியில் பெண்களின் போட்டியொன்று அரை நிமிடத்தில் முடிக்கப்பட்டபோது, பெண்களுக்கு வாய்ப்புக் கொடுங்கள் என்று ட்விட்டரில் பெருங்குரல் எழுப்பியவர்கள் ரசிகர்களே. மறு ஆண்டு பெண்களுக்கு இருந்த 'டீவாஸ்' என்ற பட்டம் போய் மகளிர் சாம்பியன் பட்டம் வந்தது. இந்த மாற்றம் நிறுவனத்தின் சாக்கைப் பொய்யாக்குகிறது; கூட்டத்தையும் அது விட்டுவைக்கவில்லை. தனக்குப் பிடிக்காததை மறுக்கத் தெரிந்த கூட்டம், முன்பு விரும்பியேதான் ஆர்ப்பரித்தது என்று ஆகிறது.

இப்படிப் பார்த்தால் வில்லியை ஏசவே கூடாதா, இந்தக் கலையின் உயிரே அதுதானே என்று கேட்கலாம். தாராளமாக ஏசலாம். 2019 ஏப்ரலில் நியூ ஜெர்சியில் நிறுவனத்தின் பெருநிகழ்ச்சியான ரெசில்மேனியாவின் இறுதிப் போட்டியில் முதன்முறையாகப் பெண்கள் மோதினார்கள்: பெக்கி லின்ச், ரோண்டா ரௌஸி, சார்லட் ஃப்ளேர். அதற்கு முந்தைய வாரங்களில் கூட்டம் சார்லட்டைக் கடுமையாக ஏசியது. பெக்கிக்குச் சேர வேண்டிய இடத்தை முதலாளி தூக்கி சார்லட்டிடம் கொடுத்ததாகக் கதை அமைந்ததுதான் காரணம். உழைக்காமல் இடம்பிடித்த எந்த ஆண் வில்லனுக்கும் விழக்கூடிய அதே ஏசல் அது.