பொருள் வரைதலும் கையொப்ப மட்டையும்



1983ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், லார்ட்ஸ் மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளை 43 ஓட்டங்களில் வென்று, கபில்தேவ் தலைமையிலான இந்திய அணி உலகக் கோப்பையைப் பெற்றது. அவ்வணியினர் அனைவரும் கையொப்பமிட்ட மட்டையைப் பெரும்பொருள் கொடுத்தேனும் வாங்கிக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காக்க விழைவோர் உளர். அமெரிக்க நாட்டில் பேஸ்பால் அணியினர் கையொப்பமிட்ட பழம்பந்துகளுக்கும் இத்தகைய மதிப்பு உண்டு. இவ்விழைவு இல்லறத்தார்க்குத் தகுமா?

யாதும் வைத்திராமை துறவியின் மகாவிரதம். இல்லறத்தார்க்கு உரியது பொருள் வரைதல் என்னும் அணுவிரதம். 'இவ்வளவே எனக்குப் போதும்' என்று முன்னரே எல்லை வகுத்துக் கொள்வதே அது. சேகரிப்போனுக்கோ எல்லை இல்லை. அவ்வணியில் இருந்தோர் 14 பேர். பதின்மூவர் கையொப்பம் பெற்றவன், எஞ்சிய ஒன்றுக்காக ஏங்குவான். நம் ஆசாரியர்கள் புறப்பற்று பத்து என்றும், அகப்பற்று பதினான்கு என்றும் வகுத்தனர். மட்டை புறத்தே இருக்கிறது. ஏக்கம் அகத்தே வளர்கிறது.

இன்னும் ஒன்று எண்ணுங்கள். அவ்வணியின் யஷ்பால் சர்மா 2021இல் மறைந்தார். கையொப்பமிட்டவர் மறைந்தால் அவர் கையொப்பம் அரிதாகும். அரிதானால் விலை ஏறும். பிறர் மறைவில் தன் ஆதாயத்தைக் கணக்கிடும் நெஞ்சம் பாவ இம்சையிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது? மட்டை மரத்தால் ஆயது. பந்தின் போர்வையோ தோல். அமெரிக்கப் பெரும்போட்டிகளின் பந்துகள் 1974 வரை குதிரைத் தோலால் ஆயின. அதன்பின் மாட்டுத் தோலால் ஆகின்றன. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றனுள் அதனை விரும்பி வாங்குதல் எதில் அடங்கும் என்பதை நீங்களே தெளிக.

ஆயினும், அத்தகைய பொருளும் அறத்துக்குத் துணையாகலாம். ஆஸ்திரேலிய வீரர் ஷேன் வார்ன், 2020 ஜனவரியில் காட்டுத்தீயால் துன்புற்றோர்க்கு உதவத் தம் டெஸ்ட் தொப்பியை ஏலத்தில் விட்டார். பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கிடைத்தது. பேழையில் இருந்தவரை அது நினைவுப் பொருள். கைவிட்ட அன்று அது தானம் ஆயிற்று.

நெய்வேலி நகரியத்தில் வாழும் நம்மவர்க்கு இவ்வுண்மை புதிதன்று. நிறுவனக் குடியிருப்பில் பல்லாண்டு வாழ்கிறோம். முற்றத்தில் மாவும் பலாவும் வளர்க்கிறோம். பணி ஓய்வு பெற்றபின் சாவியை ஒப்படைத்துவிட்டு, மரத்தை அடுத்து வருபவர்க்கு விட்டுச் செல்கிறோம். வீட்டையே அவ்வாறு விடக் கற்றவர்க்கு ஒரு மட்டையை விடுதல் அரிதாகுமோ?

ஆகவே, சேகரிப்போர் இன்றே வரையறை கொள்க. எத்தனை பொருள், எவ்வளவு செலவு, பின்னர் எப்பள்ளிக்கு அல்லது எந்நூலகத்துக்கு அவை சேரும் என்பதை எழுதி வைத்திடுக. பிள்ளைகள் அதனைக் காணட்டும். அவர்க்கு நாம் வைத்துச் செல்லும் நற்கையொப்பம் அதுவே.

அறம் வளர்க! அருகநெறி ஓங்குக!