களை என்று சொல்லுமுன்

பெயர் தெரியாத ஒரு செடியைக் களை என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா? கேள்வி சிறியதுதான். ஆயினும், அறியாத ஒன்றின்மீது தீர்ப்பிடலாமா என்ற பெரிய கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது.

தூத்துக்குடிக் கடற்கரையில் வாழும் நமக்கு இது ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று. ஆள் நடமாட்டம் குறைந்த மணற்பரப்புகளில், அலை எட்டும் எல்லைக்குச் சற்று மேலே, ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூக்களுடன் ஒரு கொடி படர்ந்து கிடப்பதைப் பலமுறை கண்டிருப்போம். அடம்பு என்றும் அடப்பங்கொடி என்றும் வழங்கும் அதற்கு அடும்பு என்பது பழம்பெயர். ஒரு மழைக்கு முளைத்து ஒரு கோடையில் மடிவதன்று, பல்லாண்டு வாழ்வது. சங்க இலக்கியத்தின் நெய்தல் நிலம் இதனை நன்கறியும்.

இதனை அடையாளம் காண இலையே போதும். தடித்த இலையின் நுனி நடுவில் பிளந்து இரு கூறாக நிற்கும். அந்தப் பிளவில் குறுந்தொகைப் புலவர் ஒருவர் மானின் குளம்பைக் கண்டார். 1753-ஆம் ஆண்டில் ஐரோப்பிய அறிஞர் லின்னேயஸ் அதற்கு இலத்தீனில் இட்ட பெயரோ ஆட்டின் கால் என்று பொருள்படும். மொழியும் நாடும் காலமும் வேறாயினும், இருவர் சொல்லிலும் பதிந்திருப்பது அதே பிளவுதான். கூர்ந்து நோக்கிய கண்கள் ஒன்றையே கண்டன.

கூர்ந்து நோக்காத கண்களோ ஏமாறும். குளக்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கின் பூவும் ஏறத்தாழ இதே நிறம், இதே புனல் வடிவம். இரண்டும் ஒரே குடும்பத்தவை. ஆனால், அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த புதர், நிமிர்ந்து நிற்பது, இதய வடிவ இலையுடையது, தின்னும் ஆடுகளுக்கு நஞ்சாவது. பூவை மட்டும் பார்ப்பவர் இரண்டையும் ஒன்றென்பார். இலையையும் நிற்கும் இடத்தையும் பார்ப்பவரே வேறுபாடு அறிவார். நற்செய்தி உவமையில் களைகளை உடனே பிடுங்க முனைந்த பணியாளர்களை நிலக்கிழார் தடுத்தது ஏன்? களையோடு கோதுமையும் பிடுங்கப்பட்டுவிடும் என்பதால் அன்றோ? அவசரம், அங்கே நீதியின் எதிரியாகக் காட்டப்படுகிறது.

அடும்பைப் பிடுங்கினால் இழப்பு யாருக்கு? இக்கொடி கணுதோறும் வேர்விட்டு மணலைப் பற்றுகிறது. காற்று கொணரும் மணல் அதன் இலைகளிடையே தங்கி மேடாகிறது. அம்மேடு, பொங்கிவரும் அலைக்கும் கரையோர வீடுகளுக்கும் இடையே ஓர் அரண். துப்புரவு என்ற பெயரால் கொடியை வாரி எறிந்தபின், மணல் வீட்டு வாசலுக்கு வருகிறதே என்று காற்றை நொந்து பயனில்லை.

அப்படியானால், பெயரை அறிந்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு நம் கடலே சான்று. முத்துச்சிப்பியை நம் முன்னோர் அறிந்த அளவு யார் அறிந்தார்? கடலடிப் பார்களுக்குத் தொல்லாயிரம் பார் என்பது போலத் தனித்தனிப் பெயரே இட்டிருந்தனர். ஆயினும் 1961-க்குப்பின் இங்கு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. பவளப்பாறைகளையும் அறிந்திருந்தோம், அறிந்தே சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்தோம். அரணாயிருந்த பாறைகள் போனபின், நகருக்கு எதிரேயுள்ள தீவுகளுள் ஒன்றான விலங்குச்சல்லி கடலுள் அமிழ்ந்தது. விலையை அறிவது வேறு. உயிரை அறிவது வேறு. விலையுள்ளதை அறிந்து அழித்தோம். விலையற்றதை அறியாமலே அழிக்கிறோம்.

ஆகவேதான் அடும்பை வளர்ப்பது ஒரு நல்ல பயிற்சி எனத் தோன்றுகிறது. அதன் விதை கடலில் நெடுநாள் மிதந்து அயல்நாட்டுக் கரையிலும் முளைக்க வல்லது. அதற்கேற்பத் தோல் கடினமானது. தோலைச் சற்றே உரசி, நீரில் ஊறவைத்து ஊன்ற வேண்டும். கணுக்களோடு கூடிய கொடித்துண்டை மணலில் புதைத்தாலும் வேர்பிடிக்கும். வெயில் வேண்டும், எரு வேண்டியதில்லை. அதற்கு உரிய இடம் வீட்டுத் தொட்டியன்று, கரைமணலே.

வளர்த்தவருக்குக் கிடைப்பது என்ன? விற்கக் காயில்லை, பீடத்தில் வைக்கலாமெனில் காலையில் விரியும் பூ மாலைக்குள் வாடிவிடும். ஊர் மணல் ஊரைவிட்டுப் போகாமல் கிடக்கும், அவ்வளவே. அதைச் செய்தது அக்கொடி என்று பலருக்குத் தெரியவும் தெரியாது. தனக்கு ஒன்றும் தராததன் பெயரைக் கேட்டறிந்து, அதற்குரிய இடத்தை அதற்கு விட்டுக்கொடுப்பவர், மனிதரிடையேயும் எவரையும் எளிதில் களை என்று சொல்லமாட்டார்.