கருவியா, கண்ணா?



ஒரகடத்தில் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவர், "சுவாமி, நல்ல படத்துக்கு விலையுயர்ந்த டிஜிட்டல் கேமரா வேண்டுமா, திறமை போதுமா?" என்று கேட்டார்.

நல்ல கருவி மங்கலான வெளிச்சத்திலும் தெளிவாகப் படம்பிடிக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதை அது அறியாது.

2004 டிசம்பரில் சுனாமி தாக்கிய கடலூரில் ஆர்கோ தத்தா எடுத்த படம், அவ்வாண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது. மணலில் விழுந்து கதறும் ஒரு பெண். ஓரத்தில் இறந்தவரின் கை மாத்திரம். அந்த அளவை வகுத்தது கருவியன்று, மனித உள்ளம்.

நாமோ சாவு வீட்டில் பிரேதப் பெட்டியருகே கைபேசியை நீட்டுகிறோம்! லாசருவின் கல்லறைக்குப் போன சேசுநாதர், புதுமை செய்யுமுன் கண்ணீர் விட்டார். நாமும் முதலில் அழுகிறவர் அருகே நிற்போம், படம் பிறகாகட்டும்.