அழுகளத்தில் நாம்

சித்திரை பிறந்து பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும், சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் நம் உறவினர்கள் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துச் சொந்த ஊர்களுக்கு வந்து சேருகின்றனர். வந்தவர்களை எங்கே அழைத்துச் செல்வது என்ற பேச்சு எழும்போது செஞ்சிக் கோட்டையும் வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலமும் முதலில் சொல்லப்படும். பிறகு யாராவது ஒருவர் சற்றே தயங்கி, "கூவாகம்?" என்பார். உடனே வீடு இரண்டாகப் பிரிந்துவிடும். "பிள்ளைகளை அங்கேயா அழைத்துப் போவது?" என்பது ஒரு கட்சி. "எங்கெங்கிருந்தோ வந்து பார்க்கிறார்கள், பக்கத்தில் இருந்துகொண்டு நாம் பார்க்காவிட்டால் எப்படி?" என்பது மற்றொரு கட்சி. முன்னவர் எண்ணுவது பிள்ளைகளின் கண்களை. பின்னவர் எண்ணுவது பயணச் செலவுக்குக் கிடைக்கும் பயனை. அங்கே அழப்போகிறவர்களை இருவருமே கணக்கில் சேர்ப்பதில்லை.

கூவாகம் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் உள்ள சிற்றூர். பழைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2019-இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டதிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள கூத்தாண்டவர் கோவிலில் சித்திரை மாதத்தில் சாகை வார்த்தலோடு தொடங்கும் விழா, பாரதப் போரின் கணக்குப்படி 18 நாள் நடைபெறுகிறது. கதையை நம்மில் பலர் கேட்டிருப்போம். பாண்டவர் வெற்றி பெறக் குறையொன்றும் இல்லாத ஓர் ஆண்மகனைக் களப்பலி கொடுக்க வேண்டும். அருச்சுனனுக்கும் நாககன்னிகைக்கும் பிறந்த அரவான் அதற்கு இசைகின்றான். மணமாகாமல் சாக மட்டும் அவனுக்கு மனமில்லை. விடிந்தால் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்? கண்ணனே மோகினியாகி அவனை மணந்து, மறுநாள் கைம்பெண்ணாகி அழுகின்றான். தங்களை அந்த மோகினியாகக் காணும் திருநங்கையர் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்து கூத்தாண்டவர் பெயரால் தாலி கட்டிக்கொள்கின்றனர்.

வியாசரின் வடமொழி நூலில் அரவான் போர்க்களத்தில் பொருது வீழ்கின்றான். அவனைப் போருக்கு முன்னரே பலியிட்ட கதை தமிழ் மரபில் வளர்ந்தது. செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு, அரவான் களபலி ஆடப்படும் இரவு எத்தகையது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. கூவாகத்திலும் தாலி கட்டிக்கொள்பவர்கள் திருநங்கையர் மட்டும் அல்லர். சுற்று வட்டாரத்து உழவர்களும் சிறுவர்களுங்கூட நேர்ந்துகொண்டு கட்டிக்கொள்கின்றனர். நாளிதழ்ப் படங்களில் இவர்கள் அரிதாகவே காணப்படுவர். படமெடுக்க வருகிறவர் தேடி வருவது இவர்களை அன்று.

இவ்விழாவின் முடிவு இரண்டு பகுதிகளைக் கொண்டது. செவ்வாய் இரவில் திருமணம்: பட்டுச் சேலை, மல்லிகை, கற்பூரம், கும்மி, விடிய விடிய ஆட்டமும் பாட்டும். அதற்கு முன்னரே விழுப்புரத்தில் அழகிப் போட்டிகளும் கலை நிகழ்ச்சிகளும் நடந்து முடிந்திருக்கும். விடுதி அறைகள் நிரம்பியிருக்கும், வாடகையும் ஏறியிருக்கும். மறுநாள் காலையில் அரவானின் உறுப்புகள் சுற்றுக் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்டுத் தேரில் பொருத்தப்படுகின்றன. தேர் அழுகளம் நோக்கி நகர்கின்றது. அங்கே தாலி அறுபடுகின்றது, வளையல்கள் உடைகின்றன, கூந்தலின் பூக்கள் பிய்த்தெறியப்படுகின்றன. ஒப்பாரி எழுகின்றது. பிறகு குளித்து வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு அவர்கள் ஊர் திரும்புகின்றனர். வெளியூர்க் கூட்டத்தில் பெரும்பகுதி வருவது முதல் இரவுக்கு. அக்கூட்டத்தில் வரும் ஆண்களில் சிலர் அங்குள்ளவர்களிடம் நடந்துகொள்ளும் முறையை இங்கே எழுதக் கூசுகிறோம். பொழுது புலர்ந்ததும், பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று என்று அவர்கள் வண்டியேறிவிடுகின்றனர்.

நம் ஊர்களில் எழுதப்படாத ஒரு முறை உண்டு. திருமண வீட்டுக்கு அழைப்பு வேண்டும். அழையாமல் போனால் அது நமக்கும் இழுக்கு, அவர்களுக்கும் சங்கடம். துக்க வீட்டுக்கோ அழைப்பு வேண்டியதில்லை. சேதி காதில் விழுந்தாலே போக வேண்டும். பேச்சு வார்த்தை இல்லாத பங்காளியும் அன்று வாசலில் வந்து நிற்பார். ஏன் வந்தாய் என்று எவரும் கேட்பதில்லை. இந்த முறையைக் கொண்டு பார்த்தால், கூவாகத்தின் திருமண இரவில் வேடிக்கை பார்க்கச் செல்லும் குடும்பம் அழையாத கலியாணத்துக்குச் சென்ற குடும்பமே. அழுகளத்தில் போய் நிற்பதற்கு மட்டும் எவருக்கும் அழைப்பு தேவையில்லை. ஆகவே, போவது பயனுள்ளதா என்று கேட்கும் உறவினரிடம், "எந்த நாளில் போகப்போகிறீர்கள்?" என்றே நாம் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

அரவான் கதைமாந்தன்தானே, அவனுக்காக அழுவது நடிப்பன்றோ என்று கேட்பார் உண்டு. திருவிவிலியத்தில் நீதித் தலைவர்கள் நூலைப் படித்தவர்களுக்கு இப்தாவின் மகள் நினைவுக்கு வருவாள். போரில் வெற்றி வேண்டி அவளுடைய தந்தை நேர்ந்துகொண்டார். அந்த நேர்ச்சைக்கு அவள் பலியானாள். அவளும் மணமாகாதவள். சாவதற்கு முன் தன் தோழியரோடு மலைகளுக்குச் சென்று அதற்காகவே அழுதாள். பின்னர் இஸ்ரயேல் பெண்கள் ஆண்டுதோறும் நான்கு நாள் அவளுக்காகத் துக்கம் கொண்டாடுவது வழக்கமாயிற்று என்கிறது அந்நூல். எவருடைய வெற்றிக்கோ விலையாகக் கொடுக்கப்பட்ட இளம் உயிருக்காக ஆண்டுதோறும் கூடி அழும் வழக்கம், அவ்வளவு தொலைவில் இருந்த மக்களுக்கும் தேவைப்பட்டிருக்கிறது. அப்பெண்கள் அம்மகளுக்காக மட்டுமா அழுதிருப்பார்கள்? சாவு வீட்டு ஒப்பாரியைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அழுகிறவள் இறந்தவரில் தொடங்கித் தன் கதையில்தான் முடிப்பாள். அழுகளத்திலும் அவரவர் கதை உண்டு: அடித்துத் துரத்திய தமையன், திறக்காத கதவு, நகரத்துத் தெருவில் மாண்டுபோன தோழி.

மற்றொரு சமயத்தாரின் சடங்கிற்கு நாம் போகலாமா என்ற ஐயத்தில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையும் வாய்ந்த எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இலேயே அறிக்கையிட்டது. ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியில் கொடி ஏறும்போது கூடும் கூட்டத்தில் எத்தனையோ பேர் பிற சமயத்தார். அவர்களை நாம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று சொல்வதில்லை. தாலி கட்டிக்கொள்வது வேறு, துக்கத்தின் ஓரத்தில் நிற்பது வேறு. இந்த வேறுபாட்டை அறியாத இறைமக்கள் அல்லர் நாம்.

பிள்ளைகள் பற்றிய கேள்விதான் கடினமானது. கைக்குழந்தைகளை அந்த வெயிலிலும் நெரிசலிலும் இழுத்துச் செல்ல வேண்டாம். பத்து வயது கடந்த பிள்ளைக்கு இதில் காணத் தகாதது என்ன இருக்கிறது? தகாதவற்றை அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே காண்கின்றனர். பெற்றோர் உண்மையில் அஞ்சுவது, பிள்ளை கேட்கக்கூடிய ஒரு கேள்வியை. ஏன் அழுகிறார்கள் என்று முதலில் கேட்கும். அதற்குக் கதையைச் சொல்லிவிடலாம். இவர்களுடைய அம்மா அப்பா எங்கே என்று அடுத்துக் கேட்கும். அரவான் கதையில் அதற்கு விடை இல்லை. நம்மைப் போன்ற வீடுகளில் இருக்கிறது.

தமிழ்நாடு அரசு 2008-இல் திருநங்கையர்க்கென நல வாரியம் அமைத்தது. தங்கள் பாலினத்தைத் தாங்களே அறிவித்துக்கொள்ளும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று உறுதி செய்தது. பழைய இழிசொற்கள் ஏடுகளிலிருந்து பெரும்பாலும் மறைந்து, திருநங்கை என்ற சொல் நிலைபெற்றது. இவையெல்லாம் நல்லவையே. ஆயினும் சட்டம் இடம் கொடுத்தவர்களுக்கு வீடு இடம் கொடுத்ததா? பெற்றோரும் பிள்ளைகளும் பாட்டியுமாக, சோற்றுப் பொட்டலத்தோடு வண்டியில் வந்திறங்கும் ஒரு குடும்பத்தை, குடும்பத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் எப்படிப் பார்ப்பார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நாம் அவர்களைக் காணப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்களும் நம்மைக் காண்கிறார்கள்.

இதைத் தாங்க முடியாத குடும்பம் போகாமலிருப்பதில் தவறில்லை. செஞ்சிக் கோட்டை எங்கும் போய்விடாது. போகிறவர்கள் துக்க வீட்டுக்குப் போவது போலப் போகட்டும். செருப்பை ஓரமாகக் கழற்றி விட்டு, குரலைத் தாழ்த்தி, படமெடுக்கும் கைபேசியைப் பையில் வைத்துக்கொண்டு. துக்க வீட்டில் யாராவது படமெடுப்பார்களா என்று எழுத நினைத்தோம். இப்போது அதையும் செய்கிறார்கள். அழுகிறவர் அருகில் இடமிருந்தால் உட்காரலாம். பேச்சுக் கொடுத்தால் பேசலாம். கொடுக்காவிட்டால் சும்மா இருக்கலாம். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அதுவும் பழக்கமானதே.

உச்சி வெயில் சாயும் வேளையில் வெள்ளைச் சேலைகள் உளுந்தூர்ப்பேட்டைக்கும் விழுப்புரத்துக்கும் செல்லும் பேருந்துகளில் ஏறுகின்றன. விடுமுறை முடிந்த நம் உறவினர் ஊர் திரும்ப ஏறும் அதே விழுப்புரம் சந்திப்பு நடைமேடையில், அதே சென்னை வண்டிக்காக அவர்களும் நிற்பார்கள். பொதுப் பெட்டியில் இருக்கை மூன்று பேருக்கானது. நாம் ஐந்து பேர் உட்கார்ந்து பழகியவர்கள்.