விண்ணப்பத்தில் எழுதும் வருமானமும் வாய்மையும்

அமெரிக்காவில் கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பிப்பவர் தம் ஆண்டு வருமானத்தைத் தாமே எழுதித் தருகிறார். வங்கி பெரும்பாலும் சம்பளச் சீட்டைக் கேட்காமல், பழைய கடன்களை அவர் அடைத்த வரலாற்றோடு அந்த எண்ணையும் சேர்த்துப் பார்த்து, கடன் வரம்பை, அதாவது அட்டையின் வழியாக அவர் பெறத்தக்க உச்சத் தொகையை, முடிவு செய்கிறது. எவரும் சரிபார்க்காத இடத்தில் கூட்டி எழுதுவது பொய்யாகுமா என்ற கேள்வி, வாய்மை யாருக்குக் கடமைப்பட்டது என்ற பழைய கேள்வியின் ஒரு வடிவமே.

பொய்யைப் பற்றி ஏறத்தாழ கி.பி. 395இல் எழுதிய கிறித்தவ இறையியலாளர் அகஸ்டின், நெஞ்சில் ஒன்றை வைத்து வேறொன்றைச் சொல்லி ஏமாற்ற எண்ணுவதையே பொய் என்றார். ஆகவே மாதந்தோறும் வருவாய் மாறும் வாடகைக் கார் ஓட்டுநர் நேர்மையாகக் கணித்த தொகை பின்னர் தவறிப்போனால் அது பிழையே அன்றிப் பொய்யன்று; அறிந்தே கூட்டுவதுதான் பொய். வங்கியின் முடிவை மாற்றும் நோக்கில் அறிந்தே பொய்யுரைப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமும் 30 ஆண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றமாக வைத்திருக்கிறது.

எந்த வருமானம் ஒருவருடையது என்பது இதனினும் நுட்பமானது. திருப்பிச் செலுத்தும் திறனை வங்கி ஆராய வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் விதித்தது. விண்ணப்பிப்பவரின் தனி வருமானத்தையே கணக்கில் கொண்ட பிந்தைய விதி, இல்லத்தைப் பேணுவோரைக் கடனுக்கு வெளியே நிறுத்தியது. 2013இல் திருத்தப்பட்ட விதியோ, 21 வயது நிறைந்தவர் தமக்குக் கிடைக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கத்தக்க துணைவரின் வருமானத்தையும் குறிப்பிட இடமளித்தது. அந்தப் பணம் உண்மையில் தம் கைக்கு எட்டுமா என்பதை எழுதுபவர் மட்டுமே அறிவார் என்பதால், இங்கே அவருடைய மனச்சான்றே முதல் சாட்சியாகிறது.

வருமானத்தைக் கூட்டி எழுதினாலும் தவணை தவறாமல் செலுத்துபவரால் எவருக்கும் இழப்பில்லையே என்று வாதிடலாம். திருப்பித் தர இயலாது என அறிந்தே வாக்களித்துக் கடன் பெறுபவரை 1785இல் ஆராய்ந்த ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட், அந்நடத்தை பொது விதியானால் வாக்குறுதி என்பதே பொருளற்றுப் போகும் என்று காட்டினார். செலுத்தும் எண்ணம் உடையவர் அந்த மனிதரினும் நேர்மையானவரே. எனினும், பிறர் மெய் எழுதுவதால் நிலைக்கும் நம்பிக்கையைத் தாம் மீறிக்கொண்டே அவரும் பயன்படுத்துகிறார். அந்த நம்பிக்கை தேய்ந்து வங்கிகள் சொல்லை விட்டு ஆவணத்தைக் கேட்கத் தொடங்கினால் முதலில் கடன் மறுக்கப்படுவோர், சம்பளச் சீட்டு இல்லாமல் உழைக்கும் எளியோரே. அவர்களுக்குத் திறந்திருக்கும் வாயிலைக் காப்பதற்காகவும் அந்த ஓர் எண் மெய்யாக இருத்தல் வேண்டும்.